பர்லாங் என்ற சொல் பிறந்த வயல்

மாணவர்களே! உங்கள் ஊர் முதியவர் ஒருவரிடம் வழி கேட்டால், "இப்படியே ரெண்டு பர்லாங் போனா வாய்க்கால் பாலம் வரும்" என்று அவர் சொல்லக்கூடும். நம் நாட்டில் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. அதன் பிறகு சாலையோரத்து மைல்கற்கள் கிலோமீட்டர் கற்களாக மாறின. மைல்கற்களுக்கு இடையே நின்ற சிறிய பர்லாங் கற்களும் மறைந்துபோயின. சொல் மட்டும் பேச்சில் தங்கிவிட்டது.

அந்த நாளில் பள்ளிப் பிள்ளைகள் நீட்டலளவை வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்க வேண்டும். 12 அங்குலம் ஓர் அடி. 3 அடி ஒரு கெஜம். 5½ கெஜம் ஒரு கோல். 40 கோல் ஒரு பர்லாங். 8 பர்லாங் ஒரு மைல். ஒப்பித்தவர்களில் எத்தனை பேர் இதை நின்று யோசித்தார்களோ தெரியாது! ஆனால் நீங்கள் யோசித்துப் பாருங்கள். 12, 3, 40, 8 என்ற எண்களுக்குள் எந்த ஒழுங்கும் இல்லை. போதாக்குறைக்கு நடுவில் ஐந்தரை என்று ஒரு பின்னம் வேறு. அளவைகளை வகுக்க உட்கார்ந்த ஒருவர் தாமாக விரும்பி ஐந்தரையைத் தேர்ந்தெடுப்பாரா? மாட்டார். இப்படி ஓர் எண் வாய்ப்பாட்டில் நிற்கிறது என்றால், இரண்டு வெவ்வேறு அளவைகளை யாரோ கட்டாயமாக ஒட்டவைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். அந்த ஒட்டுப்போட்ட கதை முழுவதும் பர்லாங் என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்

இச்சொல்லின் பிற்பாதி எளிது. 'லாங்' என்றால் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். முற்பாதியைத் தொலைவு என்று பொருள்படும் 'ஃபார்' என்ற ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்டு, 'தொலை நீளம்' என்று பொருள் சொல்ல நம் மனம் விரைகிறது. அது பிழை. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு சொற்களுக்கு வேர் காண்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

ஆங்கில மொழியின் மிகத் தொன்மையான வடிவத்தைப் பழைய ஆங்கிலம் என்பர். ஏறத்தாழ கி.பி. 5-ஆம் நூற்றாண்டு முதல் 1100 வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழி அது. இன்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தனியாகப் படித்தால் ஒழிய அதைப் புரிந்துகொள்ள முடியாது. அம்மொழியில் 'ஃபுர்ஹ்' என்று ஒரு சொல் உண்டு. அதன் பொருள் உழவுச் சால். அதாவது ஏர் சென்ற தடத்தில் மண் பிளந்து உண்டாகும் நீண்ட பள்ளம். இன்றைய ஆங்கிலத்தில் அதே சொல் 'ஃபர்ரோ' என்று உருமாறிவிட்டது. 'ஃபுர்ஹ்', 'லாங்' ஆகிய இரண்டும் சேர்ந்து 'ஃபுர்லாங்' ஆயின. எனவே பர்லாங் என்றால் 'ஒரு சாலின் நீளம்'. அவ்வளவுதான்.

இந்த 'ஃபுர்ஹ்' தனிமரம் அன்று. ஜெர்மன் மொழியில் சாலுக்கு 'ஃபுர்ஹெ' என்று பெயர். இலத்தீனில் 'போர்க்கா' என்பது இரண்டு சால்களுக்கு இடையே எழும்பி நிற்கும் மண் திட்டைக் குறிக்கும். மூன்றும் ஒரே மூதாதையிலிருந்து பிறந்த சொற்கள். அப்படியானால் இலத்தீனில் உள்ள 'ப' ஒலி ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் 'ஃப' ஆனது ஏன்? இது இந்த ஒரு சொல்லில் மட்டும் நடந்ததன்று. தந்தையைக் குறிக்கும் இலத்தீன் 'பாட்டர்', ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. மீனைக் குறிக்கும் 'பிஸ்கிஸ்', ஆங்கிலத்தில் 'ஃபிஷ்'. இத்தகைய ஒலிமாற்றங்கள் ஒழுங்காக, விதிப்படி நிகழ்ந்தவை என்பதை 1822-இல் விளக்கிக் காட்டியவர் யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மானிய அறிஞர். தம்பியுடன் சேர்ந்து தேவதைக் கதைகளைத் திரட்டித் தந்தாரே, அதே கிரிம்தான்! வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் 'ஃப' என்று ஒலித்த எழுத்தைத் தமிழர் நாக்கு மீண்டும் 'ப' ஆக்கிப் 'பர்லாங்' என்றது. தற்செயலாகவே இச்சொல் தன் பழைய முதல் ஒலியைத் தமிழில் திரும்பப் பெற்றுவிட்டது.

ஏன் அவ்வளவு நீளம்?

சால் எவ்வளவு நீளமும் இருக்கலாமே, அது 660 அடியாக நிற்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை காண நாம் இடைக்கால இங்கிலாந்தின் வயலுக்குள் இறங்க வேண்டும்.

அந்நாட்டின் நடுப்பகுதியில் மண் ஈரமானது, கனமானது. அதை உழ, மண்ணைப் பிளந்து ஒரு பக்கமாகப் புரட்டித் தள்ளும் பலகை பொருத்திய பெரிய கலப்பை தேவைப்பட்டது. அந்தக் கலப்பையை இழுக்க இரண்டு மாடுகள் போதா. எட்டுக் காளைகள் கொண்டது ஓர் ஏர் என்பது அன்றைய கணக்கு. முதலாம் வில்லியம் மன்னரின் ஆணைப்படி 1086-இல் தொகுக்கப்பட்ட புகழ்பெற்ற நிலக்கணக்கேட்டிலும் ஊர்களின் வளம் ஏர்களின் எண்ணிக்கையால் சொல்லப்பட்டது. எட்டு மாடும் ஒருவரிடமே இருப்பது அரிது. ஒருவர் மாடு, இன்னொருவர் கலப்பை என்று சேர்த்தே உழுதார்கள்.

இரண்டிரண்டாக நான்கு வரிசையில் பூட்டிய எட்டு மாடுகள், அவற்றின் பின்னால் கலப்பை. இந்த நீண்ட ஊர்வலத்தை வயலின் முனையில் திருப்புவது எவ்வளவு சிரமம் என்பதை எண்ணிப் பாருங்கள். கலப்பையை மண்ணிலிருந்து தூக்க வேண்டும். மாடுகளை வளைத்து மடக்க வேண்டும். மறுபடியும் கொழுவைச் சரியான இடத்தில் ஊன்ற வேண்டும். உழுவதைவிடத் திருப்புவதே பெரிய வேலை.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதை 660 அடி நீளமும் 66 அடி அகலமும் உள்ள ஒரு நீண்ட பட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாலின் அகலம் ஓர் அடி என்று வைத்துக்கொண்டால் 66 முறை போய்வந்தால் பட்டை முழுவதும் உழுதாகிவிடும். நடந்த தூரம் 66 × 660 = 43,560 அடி; அதாவது எட்டேகால் மைல். இப்போது அதே ஓர் ஏக்கரைச் சதுர வயலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கம் ஏறத்தாழ 209 அடி. 209 சால்கள் ஓட்ட வேண்டும். நடக்கும் தூரம் அதே எட்டேகால் மைல்தான். ஆனால் திருப்பங்கள் 66-க்குப் பதிலாக 209! ஒரு திருப்பத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 143 நிமிடம், அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் வீண். நீண்ட பட்டை ஏன் வேண்டியிருந்தது என்பது இப்போது புரிகிறதல்லவா?

சரி, அப்படியானால் பட்டையை இன்னும் நீட்டியிருக்கலாமே? இரண்டு பர்லாங் நீளம் என்று வைத்தால் 33 சால்கள் போதும். ஆனால் மிச்சமாவது இன்னும் 33 நிமிடம் மட்டுமே. திருப்பங்களின் எண்ணிக்கை நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், நீளம் கூடக்கூட ஆதாயம் சுருங்கிக்கொண்டே போகிறது. மறுபுறம், கனத்த மண்ணில் கலப்பையை இழுக்கும் மாடு நெடுந்தொலைவு நிற்காமல் இழுக்காது. அதற்கு மூச்சு வாங்க வேண்டும். திருப்பத்தின் நேர விரயம் ஒரு பக்கம், மாட்டின் களைப்பு ஒரு பக்கம். இரண்டும் சமரசமாகும் இடத்தில் சால் நின்றது. ஊருக்கு ஊர், மண்ணுக்கு மண் அது மாறத்தான் செய்தது. 660 அடி என்பது பின்னால் வந்த முடிவு. முதலில் இருந்தது மாட்டின் மூச்சு. அளவுகோல் அதன் பிறகுதான் வந்தது.

'ஏக்கர்' என்ற சொல்லின் கதையும் இதனோடு சேர்ந்ததே. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வயல் என்றே பொருள். இலத்தீன் 'அகெர்', கிரேக்க 'அக்ரோஸ்', வடமொழி 'அஜ்ர' எல்லாம் அதன் உறவினர்கள். பின்னர் அது ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்ற பொருளைப் பெற்றது. எனவே நம் பட்டையின் நீளம் மாட்டைப் பொறுத்தது. பரப்பு, பகல் பொழுதைப் பொறுத்தது.

இந்த 'ஒரு நாள் வேலை' எப்படிப்பட்டது என்பதை ஒரு பாடநூல் நமக்குச் சொல்கிறது. ஏறத்தாழ கி.பி. 1000-இல் ஏல்ஃப்ரிக் என்ற துறவி, தம் மாணவர்களுக்கு இலத்தீன் கற்பிப்பதற்காக உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதினார். பிற்காலத்தில் யாரோ அதன் வரிகளுக்கு இடையே பழைய ஆங்கிலப் பொருளையும் எழுதிவைத்தார்கள். அதில் ஆசிரியர் ஒவ்வொரு தொழிலாளியாக அழைத்து அவர் வேலையைப் பற்றி விசாரிக்கிறார். உழவன் சொல்லும் விடை நம்மை உலுக்குகிறது. விடியற்காலையிலேயே காளைகளை ஓட்டிச் செல்ல வேண்டும். எவ்வளவு கடுங்குளிராக இருந்தாலும் ஆண்டைக்குப் பயந்து வீட்டில் தங்க முடியாது. நாள்தோறும் ஒரு முழு ஏக்கரோ அதற்கு மேலோ உழுதே தீர வேண்டும். துணைக்கு யாராவது உண்டா என்று கேட்டால், தார்க்குச்சியால் மாடு ஓட்டும் ஒரு சிறுவன் இருப்பதாகச் சொல்கிறான். குளிராலும் கத்திக் கத்தியும் அந்தச் சிறுவனின் தொண்டை கட்டிப்போயிருக்கிறதாம். இவ்வளவு பாடுபட்டும் தான் சுதந்திரமானவன் அல்லன் என்று முடிக்கிறான் அந்த உழவன். வாய்ப்பாட்டில் நாம் பார்த்த ஏக்கருக்குள் அந்தச் சிறுவனின் கட்டிப்போன தொண்டையும் இருக்கிறது. அவனுக்கு ஏறத்தாழ உங்கள் வயதுதான் இருந்திருக்கும்.

மண்ணில் எழுதிய சான்று

சொல்லின் வேரைப் பற்றி மொழியறிஞர் சொல்வதை நாம் நம்பலாம். ஆனாலும் கண்ணால் காணும் சான்று கிடைத்தால் இன்னும் நல்லதல்லவா? அது இருக்கிறது. மண்ணை ஒரே பக்கமாகப் புரட்டும் கலப்பையால் ஆண்டுக்கணக்காகப் பட்டையின் நடுப்பகுதியை நோக்கியே உழுதால், நடுவில் மண் மேடாகக் குவியும். ஓரங்களில் பள்ளம் விழும். பின்னாளில் அவ்வயல்கள் பல மேய்ச்சல் நிலங்களாகிவிட்டன. புல் மூடிய அந்த நிலங்களில் மேடும் பள்ளமுமான வரிகள் இன்றும் அழியாமல் இருக்கின்றன. மாலை வெயில் சாய்ந்து விழும்போது நிழல்கள் அவற்றைத் தெளிவாகக் காட்டும். வானிலிருந்து எடுத்த படங்களில் அவை சீப்பால் வாரிவிட்டதுபோலத் தெரியும்.

அந்த வரிகளைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். அவை நேர்கோடுகள் அல்ல. ஆங்கில 'எஸ்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் மெல்ல வளைந்திருக்கும். காரணம், அந்த எட்டு மாட்டு ஊர்வலம்தான்! முனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு திடீரென்று திருப்ப முடியாதாகையால், முனையை நெருங்கும்போதே மாடுகளை இடப்பக்கமாக வளைக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வளைவுதான் மண்ணில் அப்படியே பதிந்து கிடக்கிறது.

இங்கே பர்லாங்கின் இரண்டாவது பொருளையும் சொல்லிவிட வேண்டும். ஒரே திசையில் அடுத்தடுத்து அமைந்த உழவுப் பட்டைகளின் தொகுதிக்கும் பர்லாங் என்றே பெயர். ஓர் ஊரின் பெரிய திறந்தவெளி வயல் பல பர்லாங்குகளாகவும், ஒவ்வொரு பர்லாங்கும் பல பட்டைகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் உழவருக்கு உரிய பட்டைகள் ஒரே இடத்தில் இரா. பல பர்லாங்குகளில் சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லாருக்கும் பங்காகக் கிடைக்க அது ஒரு வழி. வேலிகளால் பிரிக்கப்படாத இந்த வயல்முறை இங்கிலாந்தில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற சிற்றூரில் மட்டும் இன்றும் அம்முறையில் பயிர்த்தொழில் நடைபெறுகிறது.

மைலோடு வந்த மோதல்

சாலின் நீளமாக மட்டும் இருந்தவரை பர்லாங்குக்கு ஒரு தொல்லையும் இல்லை. படித்தவர்கள் கையில் அகப்பட்டதும் தொல்லை தொடங்கிற்று. இலத்தீன் நூல்களை மொழிபெயர்த்தவர்களுக்கு 'ஸ்டேடியம்' என்ற தூர அளவுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. விளையாட்டரங்கைக் குறிக்கும் ஸ்டேடியம் என்ற இன்றைய சொல்லும் அதுவே. கிரேக்கரின் ஓட்டப்பந்தயத் தடத்தின் நீளம் முதலில் ஓர் அளவாயிற்று, பின்னர் அரங்குக்கே பெயராயிற்று. ஏறத்தாழ அதே நீளமுள்ள பர்லாங்கை மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு ஈடாக வைத்தார்கள். 1611-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பிலும் ஸ்டேடியம் வருமிடங்களில் பர்லாங் என்றே இருக்கிறது.

ரோமானியரின் கணக்கில் 8 ஸ்டேடியம் ஒரு மைல். ஆகவே 8 பர்லாங்கும் ஒரு மைல் என்றாயிற்று. ஆனால் ரோமானிய மைல் என்பது ஆயிரம் இரட்டை எட்டுகள், அதாவது 5,000 அடி. அதில் எட்டில் ஒரு பங்கு 625 அடி. ஆங்கிலேய உழவரின் பர்லாங்கோ 660 அடி. எட்டால் பெருக்கினால் 5,280 அடி வருகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்று, மைலை நீட்ட வேண்டும். இல்லையேல் பர்லாங்கைக் குறைக்க வேண்டும். எதைத் தொடுவது?

பர்லாங்கைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பர்லாங் 625 அடி என்றால் ஏக்கர் 625 × 62½ = 39,062½ சதுர அடியாகச் சுருங்கும். 30 ஏக்கர் வைத்திருந்த ஓர் உழவரின் நிலம், ஒரு சாண் கூட வளராமலே, புதிய கணக்கில் ஏறத்தாழ 33½ ஏக்கர் ஆகிவிடும். ஏக்கருக்கு இவ்வளவு குத்தகை என்று எழுதியிருந்தால் அவர் கதி என்ன? பத்திரங்கள், பாகப்பிரிவினைகள், வாடகைகள், வழக்குகள் யாவும் ஏக்கரிலும் கோலிலும் பர்லாங்கிலும் எழுதப்பட்டிருந்தன. மைலில் எழுதப்பட்ட பத்திரம் எங்கே இருக்கிறது? மைலை நீட்டினால் வழிப்போக்கரைத் தவிர யாருக்கும் நட்டமில்லை.

1593-இல், முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில், ஒரு சட்டம் வந்தது. இலண்டன் நகரவாயில்களிலிருந்து மூன்று மைலுக்குள் புதிய வீடுகள் கட்டுவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. மூன்று மைல் என்றால் எது வரை என்ற கேள்வி எழுமல்லவா? அதனால் அச்சட்டத்திலேயே மைலுக்கு வரையறை எழுதினார்கள்: 8 பர்லாங் ஒரு மைல், 40 கோல் ஒரு பர்லாங், 16½ அடி ஒரு கோல். பர்லாங் அசையவில்லை, மைல்தான் 280 அடி வளர்ந்தது. 1,760 கெஜம், 5,280 அடி என்ற விநோத எண்கள் வாய்ப்பாட்டில் ஏறிய கதை இதுதான்.

ஐந்தரை கெஜம் என்ற அந்தப் பின்னம்? அதற்கு அறிஞர் பலர் கூறும் விளக்கமும் இதே போன்றது. பழைய காலத்தில் வழங்கிய அடி சற்றே நீளமானது. அதில் 15 அடி கொண்டது ஒரு கோல். ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடியும் கெஜமும் புதிதாக வரையறுக்கப்பட்டபோது, புதிய அடி பழையதில் 11-இல் 10 பங்காகக் குறைந்தது. ஆனால் நிலத்தை அளந்த கோலைக் குறைக்க யாருக்கும் துணிவில்லை. 15 பழைய அடி, 16½ புதிய அடி ஆயிற்று. பழைய 600 அடி பர்லாங், 660 அடி ஆயிற்று. 15-ஐ 11-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக வரும். அக்காலத்து ஆவணம் ஒன்று மூன்று வாற்கோதுமை மணிகளின் நீளத்தை ஓர் அங்குலம் என்கிறது. பிரிட்டனில் காலணி அளவு ஓர் எண் கூடினால் இன்றும் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு வாற்கோதுமை மணியளவு, கூடுகிறது!

கந்தரின் சங்கிலி

ஐந்தரையையும் நாற்பதையும் வைத்துக்கொண்டு நிலப்பரப்பைக் கணக்கிடுவது அந்நாளைய அளவையாளர்களுக்குத் தலைவலியாக இருந்திருக்க வேண்டும். இதற்கு வழி கண்டவர் எட்மண்ட் கந்தர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1620-இல் அவர் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்த அறிவுத் தந்திரங்களுள் ஒன்று. பழைய அளவை அவர் ஒழிக்கவில்லை. பர்லாங்கில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 66 அடியை, ஒரு சங்கிலியாக எடுத்துக்கொண்டு, அதை 100 கண்ணிகளாகப் பிரித்தார். பத்துச் சங்கிலி ஒரு பர்லாங். ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்டது ஓர் ஏக்கர். எனவே சதுரச் சங்கிலியில் கிடைத்த விடையைப் பத்தால் வகுத்தால் ஏக்கர் வந்துவிடும். மெட்ரிக் முறை பிறப்பதற்கு 170 ஆண்டுகளுக்கு முன்பே, உழவு மாட்டின் அளவுக்குள் தசம முறையை நுழைத்துவிட்டார் அவர்!

இந்தச் சங்கிலி பிரிட்டிஷாரோடு உலகெங்கும் போயிற்று. கிரிக்கெட் ஆடுகளத்தில் இருபுறத்து விக்கெட்டுகளுக்கும் இடையே உள்ள 22 கெஜம் ஒரு சங்கிலிதான். 1744-ஆம் ஆண்டின் விதிகளிலேயே அந்த அளவு உண்டு. ஆடுகளத்தைப் பத்து முறை நீளவாக்கில் அடுக்கினால் ஒரு பர்லாங். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு 1837-இல் ராபர்ட் ஹாடில் தெருக்கள் வகுத்தபோது, ஒவ்வொரு கட்டடத் தொகுதியையும் பத்துச் சங்கிலிச் சதுரமாக அமைத்தார். அதாவது பக்கத்துக்கு ஒரு பர்லாங். அமெரிக்காவின் சிகாகோ நகரிலும் ஒரு மைலுக்கு எட்டுத் தொகுதிகள் என்பதே பொதுவான அமைப்பு.

நம் ஊரிலும் அது இருக்கிறது. வீட்டுமனையைச் 'சென்ட்' கணக்கில் சொல்கிறோம் அல்லவா? ஏக்கரில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், 435.6 சதுர அடி. எதற்காக அந்தப் புள்ளி ஆறு என்று வியந்திருப்பீர்கள். ஒரு சங்கிலி நீளமும் அதில் பத்தில் ஒரு பங்கு அகலமும் உள்ள துண்டை எண்ணிக்கொள்ளுங்கள்: 66 × 6.6 = 435.6. உங்கள் வீடு மூன்று சென்ட் மனையில் நிற்கிறது என்றால், அதன் பரப்பை முதலில் தீர்மானித்தவை இங்கிலாந்தின் ஈர மண்ணில் நடந்த எட்டு மாடுகள்.

இன்றைய நிலை

1959-இல் ஆங்கில அளவைகளைப் பயன்படுத்திய நாடுகள் ஒன்றுகூடி ஒரு கெஜம் 0.9144 மீட்டர் என்று முடிவுசெய்தன. அதன்படி பர்லாங் 201.168 மீட்டர். ஆனால் அமெரிக்காவில் பழைய அடி இதைவிடப் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு நீளமாக இருந்தது. ஒரு மைலுக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கே வித்தியாசம். இதைப் போய்ப் பெரிதுபடுத்துவார்களா என்று தோன்றும். ஆனால் நிலப்படங்களில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்கள் இருபது இலட்சம் அடி என்ற கணக்கில் வரும்போது, பிழை நான்கு அடியாகிவிடும். ஆகவே நில அளவைக்கு மட்டும் பழைய அடியையே வைத்துக்கொண்டார்கள். ஒரே நாட்டில் இரண்டு அடிகள்! 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடுதான் அந்தப் பழைய அடி அங்கே அதிகாரபூர்வமாக ஓய்வு பெற்றது. 1593-இல் பர்லாங்கைக் காத்த அதே பத்திரங்கள்தாம் 1959-க்குப் பின்னும் இதைக் காத்தன.

இப்போது பர்லாங் உயிரோடு உலவும் இடம் குதிரைப் பந்தயத் திடல். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பந்தய தூரங்களை இன்றும் பர்லாங்கில்தான் சொல்கிறார்கள். கென்டக்கி டெர்பி பந்தயம் பத்து பர்லாங். இன்னோர் இடம், விஞ்ஞானிகளின் கேலிப்பேச்சு. பொருத்தமில்லாத அலகுகளைப் பயன்படுத்துவோரைக் கிண்டல் செய்ய, 'இரு வாரத்துக்கு ஒரு பர்லாங்' என்று ஒரு வேக அலகை உருவாக்கியிருக்கிறார்கள். இரு வாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ஃபோர்ட்நைட்'டும் பழைய ஆங்கிலச் சொத்தே. பதினான்கு இரவுகள் என்பது அதன் பொருள். 201.168 மீட்டரை இரு வாரத்தின் 12,09,600 விநாடிகளால் வகுத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரும். நத்தை இதைவிட வேகமாகப் போகும். ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்பதை வைத்துக்கொண்டு, இந்த அலகில் அது எவ்வளவு என்று நீங்களே கணக்கிடுங்கள். விடை 1.8-க்குப் பக்கத்தில் தொடங்கி, பத்தின் பன்னிரண்டாம் அடுக்கில் முடிய வேண்டும்.